மார்லிஸ் கழுவிய டப்பாக்கள்

மார்லிஸ் ஹௌகன் கடலை வெண்ணெய் ஜாடியைக் கழுவுவதைப் பார்த்தால், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறாளோ என்றுதான் தோன்றும். வெந்நீர் ஊற்றி, மூடியைத் திருகிக் குலுக்கி, பழைய பல் பிரஷ்ஷால் அடிவிளிம்பு வரை தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். ஒரு பொட்டு பிசுக்கு தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. மினசோட்டாவின் உறைபனியிலும் துணியைக் கொடியில்தான் போடுவாள். விறைத்துப்போன ஜீன்ஸைக் கணவன் ரஸ்ஸல் பலகைபோல் தோளில் சுமந்து உள்ளே கொண்டு வருவான்.

"உன் பேன்ட்டை மடிக்க முடியல மார்லிஸ். ரம்பம் எடுத்துட்டு வரவா?"

"அடுப்புப் பக்கத்துல நிறுத்தி வை. தானா உக்காந்துக்கும்."

ரஸ்ஸல் அந்த ஏரிக்கரை ஊரின் குப்பை லாரி ஓட்டுநர். செவ்வாய்தோறும் லாரி தன் வீட்டு வாசலுக்கே வரும்போது, மார்லிஸ் மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியைத் தெருவோரம் வைத்துவிட்டு, புருஷனைப் புதிதாகப் பார்ப்பவள்போலக் கை காட்டுவாள். அவனும் ஹாரன் அடித்துக் கை காட்டுவான். தெருவில் நீலத் தொட்டி வைக்காத வீடே இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அடுத்த வீட்டு வெர்னா, "குப்பையைக் கழுவச் சொல்றியே, இஸ்திரியும் போடணுமா?" என்று கிண்டல் செய்தபடியே கழுவக் கற்றுக்கொண்டாள்.

இந்தச் சந்தோஷத்தின் அடியில் ரஸ்ஸல் ஒரு பாறாங்கல்லைச் சுமந்துகொண்டிருந்தான். தரம் பிரிக்கும் ஆலை மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. நீலத் தொட்டியில் இருந்தாலும் மற்ற குப்பைக்கான கறுப்புத் தொட்டியில் இருந்தாலும் எல்லாம் ஊருக்கு வெளியே ஒரே குழிக்குத்தான் போனது. புதிய ஆலை கிடைக்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். ஊருக்கு மறைத்தது வேலைக்காக. ஆனால் மனைவிக்கு மறைத்தது? ஒவ்வொரு செவ்வாயும் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவான். வாசலில் அவள் கை உயர்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மாலையானால் இருவருக்கும் பொதுத் தொலைக்காட்சிதான். விளம்பரம் கிடையாது. கூரையில் ஒரு ஆன்டெனா, சோபாவில் ஒரு போர்வை, எங்கோ ஆழ்கடலில் ஒரு திமிங்கிலம். பார்க்கிறவர்களின் பணத்தில் ஓடும் நிலையம் அது. அதனால் இலையுதிர்காலத்து நன்கொடை வாரத்தில், மார்லிஸும் வெர்னாவும் அங்கே போய், அறிவிப்பாளருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து, கேமரா முன்னாலேயே நன்கொடை தருகிறவர்களின் தொலைபேசியை எடுப்பார்கள்.

அந்த வாரம்தான் ஊர்க் குப்பை பற்றிய ஓர் ஆவணப்படம் வந்தது. வசந்தத்தில் லாரிக்குப் பின்னாலேயே கேமராவோடு ஒரு பெண் சுற்றினாள். ஏதோ கல்லூரிப் பாடத்துக்கு என்று ரஸ்ஸல் நினைத்திருந்தான். வியாழக்கிழமை முன்னோட்டத்தில் தன் லாரியைப் பார்த்தபோது அவனுக்குக் கைகால் ஓடவில்லை. நல்லவேளை, மார்லிஸ் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். படம் சனிக்கிழமை மாலை. அவள் தொலைபேசி எடுக்க உட்காரும் அதே மாலை!

"இருமல் இருக்கே உனக்கு. இன்னிக்குப் போகணுமா?" என்றான் சனிக்கிழமை.

"எனக்கு ஏது இருமல்?"

"காலையில இருமினே."

"அது உன் காபி. நீ போட்டா யாருக்குத்தான் இருமல் வராது?" அவள் சிரித்துக்கொண்டே மேலங்கியை மாட்டினாள். "ரஸ், என்ன சொல்லணும் உனக்கு? சொல்லு."

சொல்லியிருக்கலாம். அந்தக் கணத்தில் அவன் வாய் திறந்திருந்தால்! "ரோட்டுல ஐஸ் இருக்கும். மெதுவா போங்க," என்றான். வெர்னாவின் கார் திருப்பத்தில் மறைந்தது.

படம் ஓடியது; நிலையத்துத் திரையிலும் அதேதான் ஓடும். ஊர்த் தெரு, நீலத் தொட்டிகள், லாரி. பிறகு அந்தக் குழி. லாரியின் பின்கதவு திறந்து கழுவிய டப்பாக்கள் சேற்றில் கொட்டின. ஓட்டுநர் ஜன்னலில் ரஸ்ஸலின் முகம், தெளிவாக, சொந்த வரவேற்பறைத் திரையில்.

இடைவேளை. அறிவிப்பாளர் உற்சாகமாக நன்கொடை கேட்டார். அவருக்குப் பின்னால், வெர்னாவுக்குப் பக்கத்தில் மார்லிஸ். சிரித்துக்கொண்டிருந்தாள். கேமரா முன்னால் சிரிக்க வேண்டும் என்பது அங்கே விதி. ரஸ்ஸல் திரையில் தெரிந்த எண்ணை அழுத்தினான்.

"அழைத்ததற்கு நன்றி. உங்க பேரு?" வெர்னாவின் குரல்.

"வெர்னா, நான் ரஸ்."

"ஓ, நம்ம ஊர் நட்சத்திரமா? நன்கொடை தரவா கூப்பிட்டே? என் டப்பாவைத் திருப்பித் தரவா?"

"அவகிட்ட குடு. தயவுசெஞ்சு."

சலசலப்பு. ரிசீவர் கை மாறியது.

"வணக்கம். நிலையத்துக்கு உதவ முன்வந்ததுக்கு நன்றி," என்றாள் மார்லிஸ், எல்லாரிடமும் பேசும் அதே குரலில்.

"மார்லிஸ், நான் சொல்லத்தான்..."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

"போன செவ்வாய்க்கிழமை நான் கை காட்டினப்பவும் தெரியும்?"

"தெரியும்."

"ஹாரன் அடிச்சியே ரஸ்."

"நீ வாசல்ல நிக்கறப்ப எப்படிச் சொல்வேன்? உன் முகத்தைப் பாத்தா..."

"தெருவுல எல்லாரையும் நான்தானே கழுவ வச்சேன். அவங்க முகத்தை நான் எப்படிப் பாக்கறது?" குரல் உயரவே இல்லை. "நான் சிரிச்சுக்கிட்டே பேசிட்டிருக்கேன். கேமரா எங்க பக்கம் இருக்கு."

"நான் வந்து கூட்டிட்டு வரேன்."

"வேணாம். லாரியில வேணாம். இன்னும் நிறைய பேரு காத்திருக்காங்க. நன்றி."

காதில் இணைப்பு அறுந்தது. ஆனால் வானலையில் படம் சில நொடி பின்தங்கித்தான் வரும். திரையில் அவள் இன்னும் ரிசீவரைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு, அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். செத்த ரிசீவரைக் காதில் அழுத்தியபடி, அவள் அதை வைக்கப்போவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வைத்தாள். அடுத்த விளக்கு மின்னியது. எடுத்தாள்.