இருமல் நீக்கிய சாக்ஸபோன்

ஜாஸ் சாக்ஸபோன் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். ஸ்டூடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்ததைத் தொடாதீர்கள். எதிரே ஜனங்கள் உட்கார்ந்திருக்க, மேடையில் நின்று வாசித்த பதிவாகத் தேடிக் கேளுங்கள். எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை. கேட்ட ஆள்தான் இல்லை.

அப்போது மேட்டூரில் ஒரு ரசாயனக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். கல்யாண வயது தாண்டிப்போயிருந்தது. பெண் பார்க்க வீட்டில் பெரியவர்களும் இல்லை. எங்கள் கம்பெனிக்கு இயந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரையும், இரண்டு இசைத்தட்டுகளையும், டேப் சுற்றிய ஒரு ஸ்பூலையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இசைத்தட்டுகள் பெரிய அரங்குகளில் பதிவானவை. பணம் கொடுத்தால் வேறு எங்காவது கிடைக்கும். ஸ்பூல் அப்படியல்ல. அவர் ஊரில் ஒரு சின்ன மதுவிடுதியில், மேடைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவரே பதிவு செய்தது. உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

சாக்ஸபோன் வாசித்தவர் அப்படியொன்றும் பெரிய புகழ்பெற்றவர் இல்லை. ஆனால் மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். அதைவிட, எனக்கு அந்த விடுதியைப் பிடித்திருந்தது. யாரோ கண்ணாடிக் குவளையை மேசைமேல் வைப்பார்கள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஒரு பெண் தனியாகச் சிரிப்பாள். மேடைக்கு வலதுபுறம் ஒரு மனிதர் இருமிக்கொண்டே இருப்பார். அவருக்கு நானாக ஒரு வயதும் ஒரு வியாதியும் கொடுத்து வைத்திருந்தேன். வேலை முடிந்து வந்து, சாதம் வடித்து, தட்டோடு உட்காரும்போது ஸ்பூலைப் போடுவேன். நல்ல இடம் வரும்போது அவர் இருமினால் எனக்குக் கோபம்கூட வரும். கோபித்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது குடும்பஸ்தர்களுக்குப் புரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து சேலத்துக்கு, அம்மாபேட்டைக்குப் போவேன். அங்கே கேசட் பதிந்து கொடுக்கும் கடை ஒன்றில் எங்களைப்போல் ஸ்டீரியோ செட்டுப் பைத்தியம் பிடித்தவர்கள் கூடுவோம். கடைக்காரர் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பகலெல்லாம் வீட்டில் தறிச் சத்தம். அதனாலோ என்னவோ, பாட்டுக்கு நடுவே வேறு ஓசை வந்தால் அவருக்குப் பல் கூசும். அவர் பதிந்த கேசட்டில் 'உஸ்' என்ற இரைச்சல் இருக்காது என்று வாழப்பாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வருவார்கள். இன்னொருவர் நாமக்கல் லாரி முதலாளி. அவருக்குப் பாட்டு எப்படி இருந்தாலும் கவலையில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் 'தும்' என்று அடித்தால் நெஞ்சில் விழ வேண்டும்.

இவர்கள் இருவரிடமும் அந்த ஸ்பூலைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னேன். முதல் முறை கொண்டுபோய்ப் போட்டபோது லாரி முதலாளி சற்று நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏனுங்க சார், நாயனத்துக்குச் சளி புடிச்சாப்பல இருக்குதுங்களே" என்றார். கடைக்காரர் சிரிக்கவில்லை. "வாசிப்பு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ரொம்ப அழுக்கா இருக்குதுங்க. ரெண்டு வாரம் எங்கிட்ட உட்டுட்டுப் போங்க" என்றார். ஒரு ஆளாவது நிதானமாகக் கேட்கப்போகிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இரண்டு வாரமும் சாதத்தை நின்றபடியே தின்று முடித்தேன். ஆனாலும் அங்கே ஒருவர் நான் கேட்டதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு இருந்தது.

மூன்றாவது ஞாயிறு போனபோது கடைக்காரர் முகம் பூரித்திருந்தது. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ஸ்பூலை மாட்டினார். சாக்ஸபோன் மட்டும் வந்தது. குவளை இல்லை, சிரிப்பு இல்லை, கைதட்டல் இல்லை. வலதுபுறத்து மனிதர் இருமவே இல்லை. ஆளில்லாத வீட்டில் ஒருவர் வாசிப்பதைப்போல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "இப்பத்தானுங்க சார் நல்லாருக்குது! இதுல எனக்கொரு கேசட் போடச் சொல்லுங்க" என்றார் லாரி முதலாளி. நான் சிபாரிசு செய்ததை ஒருவர் விரும்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பழுப்பு நிற டேப் துண்டுகள், சிக்குப் பிடித்த நூலாகக் கிடந்தன. பிளேடால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டியிருக்கிறார். இருமலோடு அந்தந்த இடத்து வாசிப்பும் போயிருந்தது. "பாருங்க, எத்தன அழுக்கு எடுத்திருக்கறேன்னு" என்றார்.

"பிரதி எடுத்து அதுல செஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இன்னொரு டேப்புல ஏத்துனா தரம் ஒரு படி எறங்கிருமுங்களே. அதான் ஒரிஜினல்லயே கை வெச்சேன்."

பிரதியைக் கேட்பது எச்சில் சாப்பாடு என்று அதே கடையில் உட்கார்ந்து எத்தனையோ முறை பேசியவன் நான்தான். அவர் மேல் பாய வந்த கோபம் பாதியிலேயே நின்றது. பொட்டலத்தைக் கையில் வாங்கினேன். எந்தத் துண்டு எந்த இடத்தில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் முகத்தைப் பார்த்துக் கடைக்காரர் பயந்துவிட்டார்.

"ஏனுங்க சார்? கைதட்டும் இருமலும் எதுக்குங்க உங்களுக்கு?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "வீட்டுல வேற ஆள் இல்லைங்க. சாப்பிட உக்கார்ந்தா அந்த மனுசன் இருமுவார். அதுக்காகத்தான் போடறது."

எதற்கும் கேலி பேசும் லாரி முதலாளி தலையைக் குனிந்து ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஸ்பூலை நிறுத்தினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நானே வந்து உக்காந்து இருமியிருப்பனுங்களே சார்" என்றார்.

அதில் கேலி இல்லை. வரச் சொன்னால் அடுத்த வாரமே பஸ் ஏறி வந்திருப்பார். வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். மணி நான்குதான் ஆகியிருந்தது.