வளவில் பிள்ளைகள்

காரைக்குடியில் அந்தத் தெருவுக்குப் போய் சகாயராணி என்று கேட்டால் யோசிப்பார்கள். பிள்ளைக்காரி என்று கேளுங்கள், வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். அவள் பெற்றது ஒன்றே ஒன்று, அதுவும் வளர்ந்து கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டது. ஆனால் விடிந்தால் போதும், இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இரண்டு என்று ஊர்ப் பிள்ளைகளோடுதான் நடமாடுவாள்.

முன்பு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை. கூட நின்றவள் ஒருத்தி, கைக்குழந்தையை அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து மேசைக்கு அடியில் தள்ளியதை ஒருநாள் பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலமே வேலையை விட்டாள். புருஷன் லூர்து பிரகாஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். துணிச்சலா கிறுக்கா என்று கேட்டால், இரண்டும்தான்.

வள்ளியப்பன் வகையறாவின் பெரிய வீட்டில் பின்கட்டு அடுப்படியை வாடகைக்குப் பிடித்து, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் காப்பகம் தொடங்கினாள். அம்மாடி, அது வீடா! இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில்தான் வெளியே வரலாம். நடுவே வானம் பார்த்த முற்றமாக வளவு, சுற்றிலும் பங்காளிக்கு ஒன்றாக அறைகள், அறைக்கு ஒன்றாகப் பூட்டு. பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்தார்கள். முன்னோருக்குச் சோறு படைக்கும் படைப்பு நாளுக்கு மட்டும் வருஷம் ஒருமுறை கூடுவார்கள்.

ஊர் மாநகராட்சி ஆனது. வரி வசூலிக்க வந்த சத்தியமூர்த்தி காப்பகத்தின் பலகையைப் பார்த்தார். வீட்டுவரி கடைவரி ஆகிவிட்டது. வள்ளியப்பன் போனில் கூப்பிட்டார்.

"படைப்பு முடிஞ்சதும் காலி பண்ணிரு ஆத்தா. இந்த வரியக் கட்டி மாளாது."

வழி சொன்னதும் அதே சத்தியமூர்த்திதான். பிள்ளைகள் காப்பகத்துக்குக் கட்டடம் விட்டால் சொத்துவரியில் பெரும்பகுதி தள்ளுபடி என்று புதிதாகத் தீர்மானம் வந்திருந்தது. ஆனால் கரி படிந்த அடுப்படி அதற்கு ஆகாது. காற்றும் வெளிச்சமும் உள்ள வளவைப் பிள்ளைகளுக்கு விடவேண்டும், பங்காளிகள் அத்தனை பேரும் ஒப்பவேண்டும்.

சகாயராணி கேட்டும் பார்த்தாள்.

"வளவுலயா? சாமிக்குப் படைக்கிற அறை வாசல்ல பிள்ளைக மூத்திரம் போகவா?" என்றார் வள்ளியப்பன். வேறு இடத்துக்கு அவள் எங்கே போவாள்? அந்தத் தாய்மார்தான் எங்கே போவார்கள்?

படைப்பு நாளும் வந்தது. பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். சித்தாள் பொன்னுத்தாயி மட்டும் மகள் சத்தியப்பிரியாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னைக்குக் காங்கிரீட் போடுறாக அக்கா. லீவு போட்டா வேலையே போயிரும். ஒரு மூலையில போட்டு வச்சுக்க."

மூலையில் இருக்கிற பிள்ளையா அது! புதிதாக நடை பழகிய கால்.

உள்ளே சாமி அறையில் தலைவாழை இலை போட்டு, சோறும் பணியாரமும் வைத்து, முன்னோர் துணிமணி வைத்த பழைய பேழையின்மேல் புதுச்சேலையைச் சாத்தினார்கள். முன்னோர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, பங்காளிகள் எல்லாரும் வளவில் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். பின்கட்டில் சகாயராணி திரும்பிப் பார்த்தாள். பிள்ளையைக் காணோம். வளவுக்கு ஓடினாள்.

அப்போது கதவைத் திறந்தார் வள்ளியப்பன்.

இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது சத்தியப்பிரியா. படைக்கிற சந்தடியில் எப்போது உள்ளே புகுந்ததோ, யாரும் பார்க்கவில்லை. கன்னமெல்லாம் சோறு, கையில் பணியாரம். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் சகாயராணி. "மாதாவே!" என்று பாய்ந்து பிள்ளையைத் தூக்கி, முந்தானையால் அதன் கையைத் துடைக்கப் போனாள்.

"துடைக்காத!"

வள்ளியப்பனின் மனைவி விசாலாட்சி ஆச்சிதான்.

"எத்தனை வருசமாப் படைக்கிறோம். வச்ச இலை வச்சபடியே இருக்கும். இன்னைக்குத்தான் சாப்பிட்டிருக்காக."

சொன்னவள் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். கோலாலம்பூர்க்காரர் விழுந்தார், அவர் மருமகள் விழுந்தாள். வேட்டிகளும் பட்டுச்சேலைகளும் ஒரு சித்தாள் மகளின் காலடியில் கிடந்தன. சகாயராணிக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கவே பயமாக இருந்தது. இத்தனை நாளாக நான் யாருக்குச் சோறு ஊட்டினேன் என்று மலைத்து நின்றாள்.

வள்ளியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமி அறையைச் சாத்தினார்.

மறுவாரம் சத்தியமூர்த்தி டேப்பும் கையுமாக அளக்க வந்தார். பங்காளிகள் ஒப்பியாகிவிட்டது.

"வளவு மட்டுந்தானே ஐயா? அதை அளந்தாப் போதுமா?" என்று கேட்டார் வள்ளியப்பனிடம்.

வள்ளியப்பன் மடியிலிருந்த அறைச் சாவிக்கொத்தை எடுத்துச் சகாயராணி கையில் கொடுத்தார்.

"அவுக எந்த அறையில போயி உக்காருவாகன்னு நமக்கென்ன தெரியும்? எல்லாத்தையும் தொறந்து விடு ஆத்தா. நீங்க வீட்டை முழுசா அளங்க தம்பி."