மீனுக்கு டைல்ஸ் போட்டவர்

டைல்ஸ் மேஸ்திரியை எல்லாரும் ரசமட்டம்னுதான் கூப்பிடுவாங்க. முதுகுக்குப் பின்னாடி இல்ல, மூஞ்சிக்கு நேராவே. ரசமட்டம்னா அந்த நீளக் கட்டை, நடுவுல குட்டிக் கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள ஒரு நீர்க்குமிழி. குமிழி நடுவுல வந்து நின்னாத்தான் தரை மட்டம்னு அர்த்தம். மத்தவங்க வேலை முடிஞ்சதும் அதைச் சாக்குப்பையில போட்டுட்டுப் போவாங்க. இவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார். மேஜை, அலமாரி, சுவர்ல மாட்டின படம்னு எல்லாத்து மேலயும் வச்சுப் பாப்பார்.

கலவை போடறவர் ஒரு நாள் கேட்டேபுட்டார். "ஏன்யா ரசமட்டம், தூங்கும்போது பொண்டாட்டி மேலயும் வச்சுப் பாப்பியா?"

இவர் சிரிக்கல. அதனால எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வந்துடுச்சு.

இவர் சம்சாரம், அந்தம்மா வேற ரகம். தையல் கடையில வேலை. வீட்டுக்கு வந்தா ஒரு பொருளை ஒரு இடத்துல விடமாட்டாங்க. நாற்காலி இன்னிக்கு இங்க, நாளைக்கு அங்க. புள்ளைங்க இல்லாத வீடு, எதையாவது நகத்திப் பாத்தாத்தானே பொழுது போகும்? அவங்க நகத்துவாங்க, இவர் வந்து பழையபடி வைப்பார். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. இப்படியே வருஷம் ஓடிடுச்சு.

நடுவுல அந்தம்மா ஒரு மீன் வாங்கிட்டு வந்தாங்க. ஜெயில் சட்டை மாதிரி கறுப்பு வரி போட்ட சிக்லிட் மீன். பெரிய கண்ணாடித் தொட்டி, அடியில மணல், மேல நாலஞ்சு கல்லு, மூலையில தண்ணியைச் சுத்தம் பண்ற குட்டி மோட்டார். அந்த மீனுக்கு ஒரே வேலைதான். வாய் நிறைய மணலை அள்ளி, அந்தப் பக்கம் கொண்டு போய்த் துப்பும். இங்க குழி, அங்க மேடு. மறுநாள் குழி இருந்த இடத்துல மேடு. அந்தம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கல. "வீட்ல ரெண்டாவது மேஸ்திரி வந்தாச்சு"ன்னு சொல்லி அதுக்கு மேஸ்திரின்னே பேர் வச்சுட்டாங்க.

அப்புறம் வந்தது கட்டில் விவகாரம். காத்து வருதுன்னு அந்தம்மா கட்டிலை ஜன்னலோரமா இழுத்துப் போட்டாங்க. கட்டில் கால் டைல்ஸ் கோட்டுக்குக் குறுக்க நிக்குதுன்னு இவர் திரும்பத் தள்ளினார். அவங்க இழுக்க, இவர் தள்ள, ஒரு வாரம் கட்டில் ஊர்வலம் நடந்துச்சு. கடைசியில அந்தம்மா துணிமணியை மடிச்சுப் பையில வச்சாங்க.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவே?"

"நீங்களும் கட்டிலும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. மீனை இப்ப எடுத்துட்டுப் போக முடியாது, அங்க தொட்டி வைக்க இடமில்ல. இடம் கிடைச்சதும் வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் அவனைப் பட்டினி போட்டுடாதீங்க."

போயிட்டாங்க. அவ்வளவுதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை போன் வந்துச்சு. அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடி வந்து எடுத்தார்.

"மேஸ்திரி எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கேன்மா. நீ எப்படி…"

"உங்களைக் கேக்கல."

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதே போன். தின்னானா, தோண்டுறானா, தண்ணி மாத்தினீங்களா? முடிஞ்சுது, வச்சுடுவாங்க. இவர் சாப்பிட்டாரா, தலைவலி போச்சா, ஒரு வார்த்தை வராது. ஆனா அந்தக் குரலைக் கேக்கறதுக்காகவே இவர் சனிக்கிழமை சாயங்காலமே போனை சார்ஜ்ல போட்டுடுவார். மீன் இருக்கிற வரைக்கும்தான் போன் வரும்னு அவருக்கும் தெரியும். அதனால தன் சாப்பாட்டை மறந்தாலும் மீன் சாப்பாட்டை மறக்கமாட்டார்.

சரி, அப்படியே விட்டிருக்கலாம்ல? மனுஷன் கை சும்மா இருக்குமா? தினமும் காலையில எழுந்தா மணல் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். கல்லெல்லாம் குடிச்சவன் மாதிரி சாஞ்சு கிடக்கும். இவர் கையை விட்டு மட்டம் பண்ணிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்தா பழைய குருடி கதவைத் திறடி கதைதான். "ஏன்டா, நான் ஒருத்தன் பண்ணி வைக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு தொட்டிகிட்ட நின்னு கத்துவார். பேச்சுச் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுல, பாவம், அந்தம்மா திரும்பி வந்துட்டாங்கன்னு நினைச்சுட்டாங்க.

ஒரு நாள் பொறுமை போச்சு. மீனைப் பிடிச்சு வாளியில விட்டார். தண்ணியை இறைச்சு, மணலையெல்லாம் வாரி வெளிய கொட்டினார். வேலையில மிஞ்சின பளபள டைல்ஸை அளவா வெட்டி, தொட்டி அடியில நூல் பிடிச்ச மாதிரி பதிச்சார். கல்லை அளவு வாரியா வரிசைல நிறுத்தினார். ரசமட்டத்தை உள்ள விட்டுப் பாத்தார். குமிழி நட்ட நடுவுல! உலகத்துல எந்த மீனுக்கும் இப்படி ஒரு தரை கிடைச்சிருக்காது.

தண்ணி நிரப்பினதும் மீன் உள்ள இறங்குச்சு. தரையைப் பாத்துச்சு. தரைக்குள்ள இன்னொரு மீன் அதைப் பாத்துச்சு. ஒரே ஓட்டம், மோட்டாருக்குப் பின்னாடி போய் ஒண்டிக்கிச்சு. ரெண்டு நாள் வெளிய வரல. தீனி போட்டா போட்டது போட்டபடி கிடக்குது. கறுப்பு வரியெல்லாம் வெளுத்து, துவைச்சுத் துவைச்சு நைஞ்ச சட்டை மாதிரி ஆயிடுச்சு.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு.

"தோண்டுறானா?"

"தோண்டுறான், தோண்டுறான்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சளிம்மா."

போனை வச்சதும் சட்டையை மாட்டிக்கிட்டுக் கலர்மீன் கடைக்கு ஓடினார். கடைக்காரம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, தலையில அடிச்சுக்கிட்டாங்க.

"அண்ணே, கண்ணாடி மேல உங்களைக் குடி வச்சா நீங்க தூங்குவீங்களா? அது தோண்டற மீனு. மணலைப் பிடுங்கிட்டா அதுக்கு என்னண்ணே இருக்கு?"

"தோண்டித் தோண்டிக் கல்லைச் சாய்ச்சுடுதும்மா."

"மணல் மேல கல்லை வச்சிருப்பீங்க. கல்லை முதல்ல அடிக் கண்ணாடி மேல ஆடாம உக்கார வைங்க. அப்புறம் சுத்தி மணலைக் கொட்டுங்க. அது எவ்வளவு தோண்டினாலும் கல்லு அசையாது. இல்லாட்டி ஒரு நாள் அது தலையிலயே விழும்."

அஸ்திவாரம்! ஊருக்கெல்லாம் அதைப் பத்திப் பேசற மனுஷனுக்கு இது தோணல. "கட்டட மணல் போடலாமா?"ன்னு மெதுவா கேட்டார்.

"வேணாம், அது நொறுக்கின கல்லுத் தூள், வாயைக் கிழிக்கும். உருண்டையான மணலா எடுத்துட்டுப் போங்க. தண்ணி தெளியற வரைக்கும் கழுவுங்க."

கழுவினார். கொல்லைப் பக்கம் உக்காந்து, வாளி வாளியா, முதல்ல டீ மாதிரி வந்த தண்ணி கடைசியில குடிக்கற தண்ணி மாதிரி ஆகற வரைக்கும் கழுவினார். மீனை மறுபடி வாளியில விட்டுட்டு, டைல்ஸைப் பேத்து எடுத்தார். தான் போட்ட தரையைத் தானே பேக்கறது அவர் வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. கல்லை உக்கார வச்சு, மணலைக் கொட்டி, ஒரு தட்டு மேல மெதுவா தண்ணி ஊத்தினார், கலங்காம இருக்க.

மீனை உள்ள விட்டார். மறுநாள் ஒண்ணுமில்ல. அதுக்கடுத்த நாளும் ஒண்ணுமில்ல. இவரு வேலைக்கே போகல. நாற்காலியை இழுத்துப் போட்டு, "டேய், தோண்டுடா. எங்க வேணாலும் தோண்டு. நான் கையை வைக்கல"ன்னு கெஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தார். சாயங்கால வெயில் தொட்டியில விழற நேரம், மோட்டாருக்குப் பின்னாடியிருந்து மீன் மெதுவா வந்து, ஒரு வாய் மணலை அள்ளி, தூ-ன்னு துப்புச்சு. இவரு அழுதுட்டார்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. இவரு இல்லைங்கறார்.

அந்த ஞாயித்துக்கிழமை போன் வரல. அந்தம்மாவே வந்தாங்க, கையில மூடி போட்ட வாளியோட.

"தங்கச்சி வீட்டு மாடியில ஒரு ரூம் கிடைச்சிருக்கு. மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

மீன் போனா போனும் போச்சுன்னு இவருக்குத் தெரியும். ஆனா வாய் மட்டும் என்னமோ, "சரிம்மா, எடுத்துக்கோ"ன்னு சொல்லிடுச்சு.

அந்தம்மா தொட்டிகிட்ட குனிஞ்சாங்க. ஒரு மூலையில மணல் கண்ணாடி பாதி உயரத்துக்குக் குவிஞ்சிருக்கு. இன்னொரு மூலையில அடிக் கண்ணாடியே தெரியுது. பெரிய கல்லுக்கு அடியில ஒரு பள்ளம் பறிச்சு, அதுக்குள்ள மீன் மகாராஜா மாதிரி உக்காந்திருக்கு. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"நீங்க கை வைக்கலையா?"

"வச்சேன். டைல்ஸே போட்டேன். செத்துப் போகப் பாத்தான். போன்ல உன்கிட்ட பொய் சொன்னேன்."

அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க. "மீனுக்கு டைல்ஸா!" சிரிப்பு அடங்கவே இல்ல. அடங்கினதும் முகம் பழையபடி ஆயிடுச்சு.

"இப்ப எடுத்தா எல்லாம் கலைஞ்சுடும். இப்பதான் வீடு கட்டியிருக்கான். இருக்கட்டும், இங்கயே."

"டீ போடட்டுமா?"

"வேணாங்க. பஸ் போயிடும்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் இவரும் கூடவே நடந்தார். பஸ் வந்ததும் அந்தம்மா வாளியை இவர் கையில திணிச்சாங்க. "இதைத் தூக்கிட்டுக் கூட்டத்துல நிக்க முடியாது. தண்ணி மாத்தறப்ப உதவும். ஞாயித்துக்கிழமை பேசறேன்."

பஸ் திரும்பற வரைக்கும் நின்னுட்டு, காலி வாளியோட தெருவுக்குள்ள வந்தார். அந்தக் கலவை போடறவர் தன் வீட்டு வாசல்ல உக்காந்து பல்லுக் குத்திக்கிட்டிருந்தார்.

"என்ன ரசமட்டம், காலி வாளி? தண்ணி வரலையா?"

"வரல"ன்னுட்டு உள்ள போயிட்டார்.