சுபலட்சுமி மைக் வாங்கிய கதை

விளாங்குடி சுபலட்சுமி பாடகியானதற்குக் காரணம் அவள் புருஷனுடைய ஜெனரேட்டர். முத்துப்பாண்டி ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவன். குழாய் ஸ்பீக்கர், சீரியல் லைட், ஜமுக்காளம் எல்லாம் அவனிடம் கிடைக்கும், ஒழுங்காக ஓடுகிற ஜெனரேட்டரைத் தவிர. சொந்தக்காரர் வீட்டுக் காதணி விழா ஒன்றில், தாய்மாமன் சீர் தெருவுக்குள் நுழைகிற நேரம் பார்த்துக் கரண்டும் போய், ஜெனரேட்டரும் மல்லாந்துவிட்டது. பாட்டுச் சத்தம் இல்லாமல் மாமன் எப்படி வருவான்? ஊரே முத்துப்பாண்டியைப் பிடித்து ஏசப்போகிற சமயத்தில் சுபலட்சுமி வாயைத் திறந்தாள். மாமன்மார் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி, பேருக்கு ஒரு வரி கட்டி, வரி முடிகிற இடத்தில் ஒரு குலவை போட்டு, தெரு முழுக்கப் பாடிக்கொண்டே நடந்தாள். அன்றைக்குத் தொற்றிக்கொண்டதுதான். அதற்கப்புறம் எழுமலை, உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்து என்றால் பந்தலுக்குச் சொல்கிற கையோடு அவளுக்கும் சொல்லிவிடுவார்கள். ஒரு கஞ்சிரா, அவள் தொண்டை, அவ்வளவுதான் கச்சேரி.

அது சன்னமான குரல் இல்லை. மைக்கே இல்லாமல் பாடினாலும் மண்டபத்தின் கடைசியில் மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். குலவை போட்டால் கேட்கவே வேண்டாம், சுற்றியிருக்கிற பொம்பளைகள் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவளோடு சேர்ந்து போட யாருக்கும் துணிச்சல் வராது. அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

போன வருஷம் கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. குரல் கொஞ்சம் மாறலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். பேச்சு திரும்பி வந்துவிட்டது. பாடுவதற்குத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. தெருவில் மணிக்கணக்காகக் கத்தக்கூடாது என்றும் உத்தரவு. சரி, வீட்டில் உட்கார்ந்து ஒருதரம் பாடிப் பதிவு செய்து கொடுத்துவிட்டால் சீர் ஊர்வலம் முழுக்க அது ஓடட்டும், இப்போது எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்று யோசித்தாள். ஸ்டுடியோ கட்டுப்படியாகாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாமன் பேர் மாறும், ஒவ்வொரு தடவையும் போய் மணிக்கு இவ்வளவு என்று அழ முடியுமா? அந்த நேரத்தில்தான் எழுமலை விருமாண்டி போன் செய்தார்.

"ஏத்தா, தங்கச்சி மகளுக்குக் காது குத்து. நாங்க அஞ்சு மாமன். அஞ்சு பேரும் பாட்டுல வரணும். ஒன்னைய விட்டா வேற யாரு இருக்கா?"

சுபலட்சுமி சரி என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். இந்தப் பாட்டு வந்தால் குரல் இருக்கிறது. வரவில்லை என்றால் கஞ்சிராவைப் பரணில் போட வேண்டியதுதான்.

முதலில் போனிலேயே பதிவு செய்து பார்த்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்டது. உடனே முத்துப்பாண்டி நெஞ்சை நிமிர்த்திவிட்டான். "மைக்கப் பத்தி எனக்கா தெரியாது? எம்புட்டு வருசமா மைக்கப் புடிச்ச கை இது!" என்று யூடியூபில் நாலு வீடியோ பார்த்தான். அதில் பேசியவர்கள் எல்லாரும் ஏசி அறையில் உட்கார்ந்து காதோரம் ரகசியம் பேசுகிற மாதிரி பேசினார்கள். அவர்கள் சொன்ன கண்டென்சர் மைக்கையும், மைக்கை லேப்டாப்போடு சேர்க்கிற சின்னப் பெட்டி ஒன்றையும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் அனீஸ் கடையில் வாங்கி வந்தான். லேப்டாப், மகள் அஸ்வினிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு பீரோமேல் சும்மா கிடந்தது.

கட்டிலைச் சுற்றி வாடகை ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு, காத்தாடியை நிறுத்தி, சுபலட்சுமியை உள்ளே உட்காரவைத்தான். அவள் பாடினாள். போட்டுக் கேட்டபோது திண்டுக்கல் ரோட்டில் போன பஸ் ஹாரன் இருந்தது, எதிர்வீட்டு மிக்சி இருந்தது, அடுத்த தெருவில் யாரோ யாரையோ வைதது கூட இருந்தது. அதெல்லாம் போகட்டும். அவள் குரல் மேலே ஏறுகிற இடத்திலெல்லாம் கரகரவென்று உடைந்தது. குலவையைக் கேட்கச் சகிக்கவில்லை.

மறுபடி பாடினாள். மறுபடியும் அதேதான்.

"போதும் மாமா. நிப்பாட்டுங்க," என்றாள். அடுப்படிக்குப் போய்ப் புளியைக் கரைத்தாள். முத்துப்பாண்டி என்னவோ சொல்ல வந்தான், அவள் திரும்பவில்லை. அந்த வாரம் அவள் வாயிலிருந்து வந்தது ஆமா, இல்லை, சாப்பிட வாங்க, இவ்வளவுதான். எப்போதும் முணுமுணுக்கிற பாட்டுகூடக் கிடையாது. குரல் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். துக்கம் என்றால் அப்படியொரு துக்கம், அழுகைகூட வரவில்லை. கடைசியில், "இந்தச் சனியனத் திருப்பிக் குடுத்துருவோம். விருமாண்டி அண்ணனுக்கு நானே போன் போட்டுச் சொல்லிர்றேன்," என்றாள். புருஷனைத் தனியாக அனுப்பினால் வேறு எதையாவது வாங்கி வந்து நிற்பான் என்று அவளும் கூடவே கிளம்பினாள்.

அனீஸ் முப்பது வயசுக்காரன். தாத்தா காலத்து வாட்ச் கடையை மைக் கடையாக மாற்றியவன். "திருப்பி எடுத்துக்கிறதப் பத்தி ஒன்னுமில்லக்கா. மொதல்ல என்ன கம்ப்ளெயிண்டுன்னு கேப்போம்," என்று லேப்டாப்பைத் திறந்து ஓடவிட்டான். கேட்டுக்கொண்டே திரையைக் காட்டினான்.

"இங்க பாருங்கக்கா. சத்தத்தோட கோடு மேல கூம்பா ஏறி இறங்கணும். இது மேல ஒரே மட்டமா சீவிவிட்ட மாதிரி நிக்கிதுல்ல? பெட்டி தாங்குற அளவுக்கு மேல சத்தம் போயிருக்கு. தொண்டை உடைஞ்சா கோடு இப்படி வராது. அண்ணே, பெட்டியில சத்தத்தக் கூட்டிக் குறைக்கிற திருகை எதுவரைக்கும் வச்சீங்க?"

முத்துப்பாண்டி ரோட்டைப் பார்த்தான்.

"உங்களத்தாண்ணே."

"முழுசாத்தான். செட்டுல எப்பயும் முழுசாத்தான வைப்போம்?"

சுபலட்சுமி புருஷன் பக்கம் திரும்பினாள். ஒரு வாரம் அடக்கிவைத்ததெல்லாம் வந்தது பாருங்கள்! "அடப்பாவி மனுசா! ஒரு வாரமா நான் செத்துப் பொழச்சிருக்கேன். இம்புட்டு வருசமா மைக்கப் புடிச்ச கைக்கு அந்தத் திருகைத் திருப்பிவைக்கத் தெரியலையா?" கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் நைசாக ஓரம் ஒதுங்கினார்கள். கோபம் பாதி, சந்தோஷம் பாதி, அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அனீஸ் சிரிக்காமல் இன்னொரு மைக்கை எடுத்தான். மேடையில் கையில் பிடிக்கிற சாதாரண டைனமிக் மைக். "ஒங்க வீட்டுக்கு இதுதான் சரி. வாய்க்கு நேரா இருக்கதை மட்டும் எடுக்கும், பஸ்ஸு, மிக்சியெல்லாம் ரொம்ப வராது. பெரிய குரலைத் தாங்கும். விலையும் கம்மி. சும்மா ஹலோ ஹலோன்னு சொன்னா ஒன்னும் தெரியாதுக்கா, எப்பயும் பாடுறத அப்படியே பாடுங்க."

கடை நடுவில் நின்று பாடினாள். ரோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முடித்ததும் "மாஷா அல்லா" என்று ஹெட்போனை அவள் காதில் மாட்டினான் அனீஸ். பாட்டு வந்தது. அவளுடைய குரலேதான், கனமும் காரமும் குறையாமல். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு குலவை வந்தது. தொடக்கம் சரியாக இருந்தது. உச்சியில் போய்ச் சத்தம் நழுவி வெறும் காற்றாகிவிட்டது.

"இன்னொருக்க எடுப்போம்," என்றான் அனீஸ். எடுத்தார்கள். அதே இடத்தில் அதே காற்று. திரையில் கோடு கூம்பாக, எந்தக் குறையும் இல்லாமல்தான் இருந்தது.

சுபலட்சுமி ஹெட்போனைக் கழற்றினாள். "இது மைக்கு இல்ல தம்பி. இது நான்தான்."

முத்துப்பாண்டிதான் மெல்ல ஆரம்பித்தான். "பழைய விசேச வீடியோ இருக்குல்ல, அதுல இருந்து ஒன் குலவைய வெட்டி இதுல ஒட்டிருவோம்."

"செத்தவ குரலையா ஒட்டப் போறீங்க? நான் உசுரோடதான இருக்கேன். அந்த எடத்துல குலவையே வேணாம். கஞ்சிரா மட்டும் ஓடட்டும்."

"அங்க வெறிச்சுன்னு இருக்குமே சுபா. செட்டு ரிப்பேருன்னு என்னையில்ல வைவாய்ங்க!"

"வைஞ்சா வாங்கிக்கங்க. ஒங்களுக்குப் பழக்கந்தான."

கண்டென்சரைக் கொடுத்துவிட்டு டைனமிக்கை வாங்கி வந்தார்கள். அனீஸ் சொன்ன அளவுக்குத் திருகை வைத்து, அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். அதைத் தாண்டினால் சோறு கிடையாது என்று புருஷனிடம் சொல்லியும் வைத்தாள். ஜமுக்காளத்துக்குள் வேர்த்து ஒழுக, ஐந்து மாமன்களையும் பாடி முடித்தாள்.

எழுமலையில் சீர் கிளம்பியது. செட்டு முத்துப்பாண்டியுடையதுதான், குட்டியானை வண்டியில் ஸ்பீக்கரைக் கட்டி, தானும் அதிலேயே ஏறி உட்கார்ந்திருந்தான். சுபலட்சுமி வாழ்க்கையில் முதல்தடவையாகக் கூட்டத்தோடு கூட்டமாக, வாயை மூடிக்கொண்டு நடந்தாள். மூத்த மாமன் விருமாண்டி பேர் வந்தது. அவர் மீசையை ஒதுக்கிக்கொண்டார். வரி முடிந்தது. கஞ்சிரா மட்டும் ஒலித்தது. நாலு பேர் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார்கள்.

சீர்த்தட்டைத் தலையில் வைத்திருந்த விருமாண்டி பெண்சாதி சீனியம்மாள்தான் முதலில் குலவை போட்டாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். அதற்குள் தெருவில் இருந்த அத்தனை பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். குலவை விழ வேண்டிய இடம் எது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? இத்தனை வருஷமும் இவள் போட்டதால் அவர்கள் சும்மா இருந்தார்கள். இரண்டாவது மாமன் மலையாண்டி பேர் முடிவதற்கு முன்பே எல்லாரும் தயாராகிவிட்டார்கள்.

சுபலட்சுமி நடுத்தெருவில் நின்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்தில் வந்தவள் என்ன ஏதென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். மூன்றாவது பேருக்குப் பாட்டு வந்தபோது வண்டியைப் பார்த்தாள். முத்துப்பாண்டி ஆம்ப்ளிஃபயர்மேல் குனிந்து, யாரும் சொல்லாமலே, திருகைக் குறைத்துக்கொண்டிருந்தான்.