டெல்ராய் பிங்க்னியின் கடைசி ஒப்பந்தம்

அமெரிக்காவின் டேட்டன் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்ராய் பிங்க்னிக்கு ஆறடி ஒன்பது அங்குல உயரம். இருக்கையை எவ்வளவு பின்னுக்குத் தள்ளினாலும் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். ஒன்பது வருஷம் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடியவர். ஆடியதைவிட பெஞ்சைத் தேய்த்தது அதிகம். வலது முழங்கால் கெட்டு, ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. ஆனாலும் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "கூப்பிடுவாங்க" என்பார். மனைவி ரோண்டா அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள்.

பிப்ரவரியில் கூப்பிட்டே விட்டார்கள். பேசியது மார்னி ஆஸ்ட்ரவ், பழைய கிளப்பின் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் வக்கீல்.

"மிஸ்டர் பிங்க்னி, உங்களோட ஒரு கான்ட்ராக்ட் போடணும். மூணு வருஷத்துக்கு."

டெல்ராய் சட்டென எழுந்து நின்றார். "முட்டி இப்பப் பரவாயில்லங்க. ரெண்டு வாரம் குடுங்க, ஆட்டத்துக்கு வந்துடுறேன்."

மார்னி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஆட வேணாம் சார். உங்க சம்பளம்தான் எங்களுக்கு வேணும்."

டெல்ராயின் முகம் சுண்டிப்போனது. போனை வைத்துவிடத்தான் நினைத்தார். மார்னி விடாமல் விளக்கினாள். மேற்குக் கரை கிளப்பிலிருந்து ஒரு பெரிய நட்சத்திரத்தைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். லீக் விதிப்படி, வருகிறவரின் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடான சம்பளம் இங்கிருந்து போயாக வேண்டும். அதில் நாற்பது லட்சம் டாலர் குறைகிறது. சம்பள உச்சவரம்பைத் தாண்டிவிட்ட கிளப், வெளியாளுக்கு அவ்வளவு கொடுக்க முடியாது. ஓய்வை அறிவிக்காத, கிளப் தன் உரிமையை இன்னும் கைவிடாத பழைய ஆட்டக்காரர் என்றால் அவ்வளவுக்கு ஒப்பந்தம் போட்டு, உடனே அந்தப் பக்கம் அனுப்பிவிடலாம். அப்படி மிஞ்சியிருந்தவர் டெல்ராய் ஒருவர்தான். முதல் வருஷச் சம்பளம் உறுதி. மற்ற இரண்டு வருஷமும் பேருக்குத்தான். கோடை வந்ததும் மேற்குக் கரை கிளப் அதை ரத்து செய்துவிட்டால் அவர்கள் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும். அதற்காகவே அவர்களும் இவரைக் கேட்கிறார்கள்.

டெல்ராய் போனை வைக்காமல் கடைசிவரை கேட்டார். ஒன்பது வருஷம் உள்ளேயே இருந்தும், அந்த ஆட்டத்துக்கு அடியில் இப்படி இன்னொரு ஆட்டம் நடப்பது அவருக்குத் தெரியாது. நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

"ஓடி ஆடினப்ப இதுல பாதிகூடக் குடுக்கல" என்றாள், அன்று இரவு விஷயத்தைக் கேட்ட ரோண்டா. "இனிமே சோபாவ விட்டு எந்திரிச்சே, பாத்துக்க."

"மேற்குக் கரை கிளப் டாக்டர் பாத்து பாஸ் போடணுமாம். இல்லன்னா எல்லாமே கேன்சல்."

ரோண்டாவின் சிரிப்பு நின்றது. அந்த முட்டியின் லட்சணம் இருவருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் மேற்குக் கரையில் டாக்டர் ஹால்வர்சன் அந்தக் காலைப் பிடித்து மடக்கினார். டெல்ராய் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் கண்ணில் நீர் கட்டிவிட்டது. டாக்டர் வெளியே போய் யாருடனோ போனில் பேசிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

"பாஸா டாக்டர்?"

"மேல இருக்கறவங்க முட்டியப் பத்திக் கேக்கவே இல்ல. ஆள் வந்தாச்சான்னு கேட்டாங்க, அவ்வளவுதான்."

"நீங்க சொல்லுங்க. இது ஆடுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த முட்டி போய் அஞ்சு வருஷமாவது இருக்கும். கடைசி ரெண்டு வருஷம் இத வெச்சு எப்படி ஆடினீங்கன்னுதான் எனக்குப் புரியல."

வெளியே தாழ்வாரத்து டிவியில் அந்த நட்சத்திரம் கிழக்கே டெல்ராயின் பழைய கிளப்புக்குப் போக விமானம் ஏறிக்கொண்டிருந்தார். பத்தடி ஓட முடியாத ஒருவனின் பெயர் அவ்வளவு பெரிய ஆளை நாட்டின் மறுகோடிக்கு நகர்த்தியிருந்தது. டெல்ராய் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போன் செய்தார்.

"என்ன ஆச்சு?"

"கான்ட்ராக்ட் பாஸ். முட்டி ஃபெயில்."

ரோண்டா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப இனிமே...?"

"ஆட மாட்டேன் ரோண்டா. முடிஞ்சுது."

மூன்று வருஷமாக இதைக் கேட்கத்தான் அவள் காத்திருந்தாள். கேட்டதும் அழுதுவிட்டாள்.