கேமராவுக்கு ஒரு பொட்டு

"உம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காத கண்ணு. பொட்டைப் பாத்துப் பேசு" என்றபடி, கேமராவின் கண்ணில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் உரித்து, அதற்குச் சற்று மேலே ஒட்டுகிறார் நாஸியா. பேச்சு முடிந்ததும் பொட்டு மறுபடியும் கீழிறங்கிக் கண்ணை மூடிவிடும். சேந்தமங்கலத்தில் அவர் நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்கு வீடியோவில் பேச யார் வந்தாலும் இந்தச் சடங்கு தப்பாது. "கண்ணுன்னு இருந்தா எமையும் வேணுமில்லீங்க?" என்பார்.

ஃபேன்சி கடைக் கருப்பண்ணனுக்கு இதில் தீராத வேடிக்கை. "பாய் ஊட்டுப் பொண்ணு, நெத்தியில ஒண்ணையும் காணோம். வாங்குற பொட்டெல்லாம் எங்கீங்க போவுது?"

"எங்க மிஷினு வெச்சுக்குதுங்ண்ணா" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டுவார்.

மானிட்டருக்கு அடியில் முட்டை அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார். உட்காருபவரின் உயரத்துக்கு ஏற்ப அட்டை ஏறும், இறங்கும். "கேமரா கீழ இருந்தா மூக்கு ஓட்டைதானுங்க தெரியும்." பேசும் அறையின் சுவரிலும் அதே அட்டைகள்தான், எதிரொலி அடங்கிவிடுகிறது. நாமக்கல் சீமையில் முட்டை அட்டைக்கா பஞ்சம்? ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார மட்டும் யாரையும் விடமாட்டார்.

எருமப்பட்டி இனியா, வேலைக்கான தன் முதல் வீடியோ நேர்காணலில் அப்படித்தான் உட்கார்ந்தாள். வீட்டு ஜன்னல் வெளிச்சமெல்லாம் பின்னால் நிற்க, முகம் வெறும் நிழலாகிவிட்டது. கேள்வி கேட்டவர்கள் அதன்பின் கூப்பிடவே இல்லை. அடுத்த நேர்காணலுக்கு நாஸியாவைத் தேடி வந்தாள். "இதுவும் போச்சுன்னா கல்யாணத்தப் பேசி முடிச்சுருவாங்கக்கா" என்றாள்.

அன்றுதான் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கடை திறந்திருந்தது. கேமராவைப் போட்டால் திரை முழுக்க மஞ்சள் மூட்டம், நடுவில் ஒரு சிவப்பு. இனியாவுக்கு அழுகை முட்டியது. நேரமோ நெருங்கிவிட்டது. கடையின் இன்னொரு சாவியைக் கைவசம் வைத்திருக்கும் கட்டடச் சொந்தக்காரர் முத்தாயம்மாள் வாசலில் பெருமை பொங்க நின்றிருந்தார்.

"உங்க கடை மிஷினுக்கும் நானே பூசை பண்ணிப்போட்டேன் சாமி. பழைய பொட்டு கருத்துப் போயிக் கெடந்துச்சு, பிச்சுப் போட்டுட்டுச் சந்தனங்குங்குமம் புதுசா வெச்சு உட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஓர் ஆட்டம் ஆடியிருப்பார்கள். நாஸியாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. காய்ந்த சந்தனத்தை அவர் சுரண்டவில்லை. சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழும். மெல்லிய துணியை நனைத்து, பிள்ளையின் கண்ணைத் துடைப்பதுபோல ஒற்றி ஒற்றி எடுத்தார். அந்த அவசரத்தில் அந்தப் பொறுமை யாருக்கு வரும்! மூட்டம் விலகி இனியாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"கண்ணுல வேண்டாங்கம்மா, நெத்தியில வைங்க" என்று கேமராவின் மேல்விளிம்பைக் காட்டினார். முத்தாயம்மாள் ஓடிப்போய்ச் சந்தனம் எடுத்துவந்து அங்கே வைத்தார். மனம் குளிர்ந்துதான் போனார்.

இனியா அந்தச் சந்தனத்தைப் பார்த்தே பேசினாள். கேமராவுக்குத் தெரியாத ஓரத்தில், புதுப் பொட்டொன்றைக் கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக்கொண்டு நாஸியா உட்கார்ந்திருந்தார். முதலில் தடுமாறிய பெண் போகப்போகக் கேள்விக்குச் சிரித்தபடி பதில் சொன்னதைக் கேட்டு, தன் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டார்.

"வாழ்த்துகள். வேலைக்கான ஆர்டரை இன்றைக்கே அனுப்பிவிடுகிறோம்" என்றது எதிர்ப்பக்கக் குரல்.

நன்றி சொன்ன இனியாவின் மோவாய் நடுங்கத் தொடங்கியது. இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. திரையில் அவர்கள் இருந்தார்கள். அவளுக்கு அது நினைவில் இல்லை.

ஓரத்திலிருந்து நாஸியாவின் கைகள் நீண்டன. ஒன்று மைக்கை அணைத்தது. மற்றொன்றின் கட்டைவிரல், கறுப்புப் பொட்டைக் கேமராவின் கண்ணில் அழுத்தி ஒட்டியது.

"இப்ப அழுவு கண்ணு."