சுத்தபோசன வெள்ளியில் ஓஸ்வால்டின் சட்டி

ஓஸ்வால்ட் ரிட்டையர் ஆனதும் எங்கள் தெருவுக்குத் தொல்லை பிறந்தது. டெலிபோன் ஆபீஸில் இருந்தவரை வாயைத் திறக்காத மனுஷன், ஒரு வார்ப்பிரும்புச் சட்டி வாங்கிய பிறகு வாயை மூடவே இல்லை. சட்டிக்குச் சோப்பைக் காட்டவே கூடாது, துடைத்துக் கொழுப்புத் தடவி வைத்தால்தான் அது பழகும் என்பார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், கோவில் வாசலில் இவருடைய பிரசங்கத்தையும் கேட்டாக வேண்டும்.

அவர் சட்டி பழகியது பன்றிக்கறியில். வாராவாரம் சிவாஜிநகரிலிருந்து கறி வாங்கி வந்து அதில்தான் வறுப்பார். மிஞ்சிய கொழுப்பைத் துணியில் தொட்டு உள்ளே பூசி வைப்பார். "ஏங்க, ஸ்வல்ப சோப்பு போட்டா சட்டி செத்தா போயிடும்?" என்று கேட்டுக் கேட்டு அவர் மனைவி பெர்னதெத் ஓய்ந்துபோனார்.

எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அந்த அன்பியத்துக்குப் பொறுப்பாளராக வேண்டும் என்பது ஓஸ்வால்டின் தீராத ஆசை. ஆனால் வருஷா வருஷம் கில்பர்ட்டே ஜெயிப்பார். கில்பர்ட் சத்தமாக ஜெபிப்பார், அடுத்தவர் பாவத்தை மறக்கவே மாட்டார். இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஓஸ்வால்ட் ஒவ்வொரு தடவையும் கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

இந்த வருஷத் தேர்தல் கூட்டம் அவர் வீட்டில் விழுந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறியைத் தொடவே கூடாத சுத்தபோசன நாள்.

"பாத்துக்கோ பெர்னா, ஒரே ஸ்வீட்டுல எல்லாரையும் மடக்கறேன்" என்று மொட்டைமாடியில் கரி மூட்டினார் ஓஸ்வால்ட். அன்னாசியும் ஆப்பிளும் நறுக்கி, சர்க்கரையும் பட்டைத்தூளும் பிசறிச் சட்டியில் பரப்பினார். மேலே வெண்ணெய் மாவை அள்ளி அள்ளி வைத்து, மூடியின் மீதும் தணலைக் கொட்டினார். காப்லர் என்று பெயராம். வாசனை இரண்டு வீடு தாண்டி வந்தது. வந்தது அன்னாசி வாசனை மட்டுமில்லை.

ஜெபம் முடிந்து கிண்ணங்கள் வந்தன. முதல் கரண்டி வாய்க்குள் போனதும் தெரிந்துவிட்டது. பழத்துக்கு அடியில், மிளகும் கிராம்புமாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் பன்றி. தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனிலிருந்து கறியை மோந்துகூடப் பார்க்காத நாக்குகள் எங்களுடையவை. ஓஸ்வால்டும் ஒரு வாய் வைத்துப் பார்த்தார், முகம் வெளுத்துப்போனது. பெர்னதெத் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"ஓஸ்வால்ட், இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்டார் ஜெபத்துக்கு வந்திருந்த பங்குத்தந்தை.

"அன்னாசி ஃபாதர்… ஆப்பிள்."

ஃபாதர் கண்ணை மூடி மென்றார். "நல்ல பழம். இன்னும் கொஞ்சம் வைங்க."

அவ்வளவுதான், எல்லாக் கிண்ணமும் நீண்டது. கில்பர்ட் மூன்றாம் தடவை வாங்கி, அடியில் ஒட்டியதையும் சுரண்டிப் போடச் சொன்னார். "பழம் ரொம்ப ஃப்ரெஷ்ஷுப்பா" என்றார்.

கை தூக்கும் நேரம் வந்தது. கில்பர்ட் மட்டும் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓஸ்வால்ட் அன்றோடு தொலைந்தார். ஆனால் மூன்று கிண்ணம் உள்ளே தள்ளிய வாய் எப்படிப் பேசும்? கில்பர்ட்டின் கை உட்பட எல்லாக் கையும் ஓஸ்வால்டுக்கே உயர்ந்தது. மனுஷன் அழுதேவிட்டார்.

தவக்காலம் முடிந்து, ஈஸ்டருக்கு மறுநாள், புதுப் பொறுப்பாளர் நன்றி சொல்ல அதே காப்லரைச் சுட்டு எங்களை அழைத்தார். முந்தின நாள் தின்ற பிரியாணி இன்னும் வயிற்றில் இருந்தது. கில்பர்ட் ஒரு கரண்டி வாயில் வைத்தார், உடனே கர்ச்சீப்பில் துப்பினார்.

"சீ, என்ன ஓஸ்வால்ட் இது, பன்னி நாத்தம் அடிக்குது!"

ஆமாம் ஆமாம் என்று நாங்கள் எல்லோரும், ஃபாதர் உட்பட, மூக்கைப் பொத்திக்கொண்டோம்.